டீக்கடைக் கம்பெனியும் ஆறாயிரம் வால்வுகளும்

நம் கல்லூரியில் படித்துவிட்டுப் பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பிரிவில் இருக்கிற நண்பர்கள் ஏராளம். இன்சிடென்ட், பிராப்ளம், சர்வீஸ் லெவல் என்ற வார்த்தைகள் அவர்களுக்குக் காலைக் காபி மாதிரி. இதெல்லாம் சமீபத்தில் யாரோ வகுத்த சாஸ்திரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இதன் வேரைத் தேடிப் போனால், லண்டனில் கேக்கும் டீயும் விற்ற ஒரு கம்பெனியின் வாசலில் போய் நிற்போம்!

ஜே. லயன்ஸ் என்பது அந்தக் கம்பெனியின் பெயர். ஊரெங்கும் டீக்கடைகள், பெரிய பேக்கரி, மலைமலையாய்க் கணக்கு வேலை. 1947-ல் தாம்ஸன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரு அதிகாரிகள் அமெரிக்கா போய், கணிப்பொறி என்றொரு புதுச் சங்கதியைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தார்கள். கேம்பிரிட்ஜில் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் இயந்திரத்துக்கு லயன்ஸ் 3000 பவுன் கொடுத்தது. 1949 மே மாதம் அது ஓடியதும், அதே பாணியில் தங்களுக்கென்று ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார்கள். பொறுப்பு ஜான் பிங்கர்ட்டன் என்ற பொறியாளருக்கு. இயந்திரத்தின் பெயர் லியோ. 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கை அது போடத் தொடங்கியது.

இங்கேதான் சிக்கல். பல்கலைக்கழகத்தில் மெஷின் நின்றுபோனால் விஞ்ஞானி டீ குடித்துவிட்டு வருவார். சம்பளக் கணக்கு அப்படியா? வாரக் கூலி வாங்குகிறவரிடம் "வால்வு போச்சு, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்ல முடியுமா?

லியோவில் சுமார் 6000 வால்வுகள். ஒன்று அடியோடு போய்விட்டால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்து மாற்றிவிடலாம். பாதி உயிரோடு கிடக்கிற வால்வுதான் உயிரை வாங்கும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை போல, சோதிக்கும்போது ஒழுங்காக இருக்கும். வேலை நடுவே தப்பான விடை தரும். பிங்கர்ட்டன் குழு இதற்குக் கையாண்ட வழி அழகானது. சோதனை நேரத்தில் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். பலவீனமான பாகம் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். அதாவது, பழுது தன் இஷ்டத்துக்கு வராமல், இவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தது.

வெளிக் கம்பெனி ஒன்று செய்து கொடுத்த காந்த நாடாக் கருவியின் கதை வேறு. அது திரும்பத் திரும்பத் தகராறு செய்து வேலையையே தாமதப்படுத்தியது. எத்தனை நாள்தான் ஒட்டுப்போடுவது? கடைசியில் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, துளையட்டைக்கும் காகித நாடாவுக்கும் மாறினார்கள். செலவழித்த பணத்தைப் பார்த்துத் தயங்காமல் அப்படி முடிவெடுக்க இன்றைக்கும் எத்தனை மானேஜர்களுக்குத் தைரியம் வரும்!

புரோகிராம் பக்கத்தைக் கவனித்த டேவிட் கேமினர் கண்டிப்பானவர். மெஷின் எப்படியும் ஒருநாள் நிற்கும் என்று வைத்துக்கொண்டே வேலையை வகுத்தார். நடுநடுவே கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பது, நின்ற இடத்துக்குப் பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்குவது எல்லாம் முன்கூட்டியே யோசித்தவை. குமாஸ்தாக்களின் கணக்கோடு ஒப்பிட்டு நம்பிக்கை வந்த பிறகுதான், 1954-ல் சம்பளப் பட்டியல் முழுதாக லியோவின் கைக்குப் போனது. ஒருவர் சம்பளத்தைப் போட குமாஸ்தாவுக்குச் சுமார் 8 நிமிஷம். லியோவுக்கு ஒன்றரை வினாடி.

இந்த அனுபவங்களுக்கு ஏடும் பெயரும் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1980-களின் கடைசியில்தான் பிரிட்டிஷ் அரசின் சி.சி.டி.ஏ. அமைப்பு ஐ.டி.ஐ.எல். என்ற புத்தக வரிசையை வெளியிட ஆரம்பித்தது. நின்றதை ஓடவைப்பது ஒரு வேலை, ஏன் நின்றது என்று தோண்டுவது இன்னொரு வேலை என்று அது பிரித்து வைத்தது. முதல் வேலைக்குத்தான் ஆபீஸில் கைதட்டு. இரண்டாவதைச் செய்கிறவர் மேஜையில் போன் அடிப்பதே குறைந்துவிடும், "இந்த ஆளுக்கு என்னதான் வேலை?" என்று கேட்பார்கள்.

முதல் லியோ 1965 வரை உழைத்துவிட்டு ஓய்வு பெற்றது. அதன் கடைசிச் சில வருஷங்களில் லயன்ஸில் அடுத்த தலைமுறை லியோக்களும் கூடவே ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று படுத்தால் தாங்கிக்கொள்ள இன்னொன்று இருந்தது.