ஆடாதோடை – ஒரு பெயரின் வரலாறு

மாரிகாலம் பிறந்து, வீட்டில் ஒருவர் இருமத் தொடங்கினாராயின், நம் பாட்டிமார் முதலில் நாடுவது மருந்துக்கடையை அன்று, வளவின் கோடிப்புறத்தையேயாம். அங்கே கிணற்றடி ஓரமாக ஒரு செடி நிற்கும். அதன் நீண்ட இலைகளிற் சிலவற்றைக் கிள்ளி, கழுவி, நீரிலிட்டு வற்றக் காய்ச்சி, தேன் சிறிது கூட்டிப் பருகக் கொடுப்பர். அந்தக் கைப்பு நாவை விட்டகல வெகுநேரம் செல்லும். சிறுபிராயத்தில் நாமும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதனைக் குடித்தவர்களே. ஆடாதோடை உண்டவரின் பாடாத நாவும் பாடும் என்பது நம்மவர் வழக்கு.

பின்னர் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், தாவரவியல் வகுப்பிலே ‘அடாதோடா வாசிக்கா’ என்னும் இலத்தீன் பெயரை மனனஞ் செய்தோம். பரீட்சையிலும் பிழையின்றி எழுதினோம். ஆயினும், அப்பெயரின் முற்பாதி நம் பாட்டியாரின் வாய்ச்சொல்லே என்பதையும், அது குறிக்கும் செடி நம் வளவிலேயே நிற்கின்றது என்பதையும் அன்று நாம் உணர்ந்தோமில்லை. பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே இவ்விரண்டும் ஒன்றென அறிந்து நாணினோம். அந்த நாணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆடாதோடை என்றும் பசுமை மாறாத ஒரு பூஞ்செடி. ஆளுயரத்துக்கும் சற்று மேலாக வளரும். ஈட்டிமுனை போன்ற இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். வெண்ணிறப் பூக்கள் கதிராகப் பூக்கும். பூவின் கீழுதட்டில் ஊதா நிறக் கீற்றுக்கள் காணப்படும். வாய் திறந்த சிங்கத்தின் முகத்தைப் பூவிற் கண்டமையாற் போலும், வடமொழியாளர் இதற்குச் சிங்கமுகப் பெயரும் வழங்கினர். இலையின் நாற்றமும் கைப்பும் காரணமாகக் கால்நடைகள் இதனைத் தின்பதில்லை. ஆடு தொடாத இலை ஆதலால் இப்பெயர் பெற்றது என்று காரணம் கூறுவாரும் உளர்.

இதன் மருத்துவப் பெருமை மிகப் பழையது. ஆயுள்வேதம் இதனை வாசா என்றும் வாசகம் என்றும் கூறும். சரகசங்கிதை இரத்தபித்தம் என்னும் குருதியொழுக்கு நோய்க்குக் கூறும் மருந்துகளுள், வாசாவைச் சேர்த்துக் காய்ச்சும் நெய்யும் ஒன்று. இருமல், இரைப்பு, நெஞ்சுச்சளி ஆகியவற்றுக்கு இதன் இலையும் வேரும் பயன்பட்டு வந்துள்ளன. சித்த வைத்தியர் இதனைக் குடிநீராகவும், இனிப்புக் கூட்டி மணப்பாகாகவும் செய்வர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலே செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களைத் தோற்றுவித்த நாட்டிலே, இத்தகைய மூலிகை அறிவு ஏட்டிலும் நாவிலும் ஒருங்கே வாழ்ந்தது எனலாம்.

இனி, நம் வளவுச் செடியின் பெயர் மேனாட்டு நூலில் ஏறிய வரலாற்றைக் காண்போம். இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஒல்லாந்தர் ஆண்ட காலம் அது. 1646ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் ஹல்லே நகரிற் பிறந்த பவுல் ஹெர்மன் என்பார், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1672ஆம் ஆண்டளவில் இலங்கை சேர்ந்தார். சில ஆண்டுகள் இங்கே தங்கி, செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி ஏடுகளில் ஒட்டினார், ஓவியங்களும் வரைவித்தார். இந்நாட்டு மக்கள் ஒவ்வொரு செடிக்கும் வழங்கும் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டமை அவருடைய தனிச்சிறப்பாகும். பின்பு லெய்டன் பல்கலைக்கழகத்திலே தாவரவியற் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகப் பூங்காவின் செடிகளைப் பற்றி அவர் 1687இல் வெளியிட்ட நூலிலே, நம் செடி ‘அடாதோடா செய்லனென்சியம்’ என்று குறிக்கப்பட்டது. இலங்கையர் வழங்கும் அடாதோடா என்பது அதன் பொருள்.

ஹெர்மன் 1695இல் மறைந்தார். அவர் தொகுத்த உலர்செடி ஏடுகள் பல ஆண்டுகள் அறிஞர் கண்ணுக்கு எட்டாதிருந்து, 1744இல் டென்மார்க்கு நாட்டு அரச மருந்தாளர் ஒருவரின் கையில் வெளிப்பட்டன. அவர் அவற்றைச் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசுக்கு அனுப்பினார். இலங்கை மண்ணை ஒருநாளும் மிதியாத லின்னேயசு, அவ்வேடுகளைக் கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். 1753இல் வெளிவந்து, இன்றும் தாவரப் பெயரிடலுக்கு அடித்தளமாய் விளங்கும் அவரது பெருநூலிலே, நம் செடி ‘ஜஸ்டிசியா அடாதோடா’ எனப் பெயர் பெற்றது. ஜஸ்டிசியா என்பது ஸ்கொத்லாந்துத் தோட்டக்கலைஞர் ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்பவரின் நினைவாக இடப்பட்ட பேரினப் பெயர். மேனாட்டார் ஒருவரின் பெயருக்குப் பக்கத்திலே நம் நாட்டுப் பெயர் சரியாசனம் பெற்றமை காண்க. 1832இல் நீசு என்னும் ஜெர்மானிய அறிஞர் இட்ட பெயரே பாடசாலையில் நாம் மனனஞ் செய்த அடாதோடா வாசிக்கா. தென்னாட்டு வழக்கும் வடமொழி வழக்கும் ஒரே பெயரிற் கைகோத்து நிற்கின்றன. ஹெர்மனின் ஏடுகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையிற் காக்கப்பட்டு வருகின்றன.

இங்கே ஒன்றை நடுநிலையோடு கூறல் வேண்டும். அப்பெயரை ஹெர்மனுக்குச் சொன்னவர் தமிழரா சிங்களவரா என்று நூல் கூறவில்லை. இலங்கையர் என்றே கூறுகின்றது. சிங்கள மக்களும் இச்செடியை ஆடதோடா என வழங்குவர். மலையாளத்தார் ஆடலோடகம் என்பர். அயல் வீட்டாரின் இருமலுக்கும் நம் வீட்டாரின் இருமலுக்கும் மருந்து ஒன்றே ஆனதுபோல், பெயரும் ஏறக்குறைய ஒன்றே ஆயிற்று. இதனை எமக்கே உரியதென்று மார்தட்டுவதிலும், பொதுச்செல்வமெனப் போற்றுவதே மேலானது.

பெயரைக் கொண்டு சென்ற மேனாட்டார் பின்னர் அதன் பொருளையும் ஆராயத் தலைப்பட்டனர். சென்னை அரசாங்கத்தின் பணியில் உதகமண்டலத்திலிருந்த டேவிட் ஹூப்பர் என்னும் இரசாயனவியலார், 1888இல் இலையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்து, அதற்கு வாசிசீன் எனப் பெயரிட்டார். அப்பொருளின் அமைப்பை மாதிரியாகக் கொண்டு, ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து ஆக்கப்பட்டு, 1963இல் விற்பனைக்கு வந்தது. திரண்ட சளியை நெகிழ்த்தி வெளியேற்றுவது அதன் தொழில். அதன் வழிவந்த அம்ப்ரொக்சோலும் இன்று பல நாடுகளின் மருந்துக்கடைகளிற் கிடைக்கின்றது. கோடிப்புறத்து இலையை இகழ்ந்து மருந்துக்கடைக்குச் செல்லும் நாகரிக இளைஞன், அங்கே போத்தலில் வாங்கி வருவது பல வேளைகளில் அவ்விலையின் பேரப்பிள்ளையையே!

ஆகவே முன்னோர் அறிந்தனவெல்லாம் முற்றும் சரியென்று கொள்வோமா? அதுவும் தவறு. இருமலோடு இரத்தம் கண்டவர்க்கு ஆடாதோடை கொடுப்பது பண்டை முறை. ஆனால் அத்தகைய இரத்தத்துக்குப் பல வேளைகளிற் காரணமாகும் காசநோயின் கிருமியை ரொபேட் கொக் கண்டறிந்தது 1882இல். அந்நோயுற்றவர் குடிநீரோடு அமைந்து, உரிய சிகிச்சையைத் தாமதிப்பாராயின் உயிருக்கே இறுதியாகும். மேலும், வாசிசீன் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பினது. ஆதலின் கருவுற்ற தாய்மார் ஆடாதோடையை உட்கொள்ளலாகாது. பழமையை நகைப்பவனும் அதனைக் கண்மூடி வணங்குபவனும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருவரும் அதனைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

ஹெர்மன் செய்தது யாது? அவர் கேட்டார், எழுதினார். அவ்வளவே. அந்த எழுத்தினாலன்றோ முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெயர் அழியாதிருக்கின்றது! நம்மிடையே எத்தனையோ முதியோர் எத்தனையோ செடிகளின் பெயரையும் குணத்தையும் நெஞ்சில் வைத்திருக்கின்றனர். நம்மில் எவரேனும் அவர்களிடம் ஏடும் எழுதுகோலும் கொண்டு சென்றதுண்டா? அந்நியர் ஒருவர் கடல்கடந்து வந்து கேட்டதை, ஒரே கூரையின் கீழ் வாழும் நாம் கேளாதிருத்தல் நியாயமாகுமா?

இளைஞர்களே, இவ்விடுமுறையில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். வளவிலுள்ள பத்துச் செடிகளின் பெயரை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். முதியோர்களே, நீங்கள் அறிந்ததை இது சிறு விடயமென்று மறையாது கூறுங்கள். கோடிப்புறத்தில் ஆடாதோடை இல்லையாயின், அயல் வீட்டில் ஒரு தண்டை முறித்து வந்து ஊன்றுங்கள். அது எளிதில் வேர்கொள்ளும். நாமும் ஒன்றை ஊன்றியுள்ளோம். முதல் இலை துளிர்த்த அன்று பாட்டியாரை அழைத்துக் காட்டினோம். “இதுக்கு லத்தீனிலை என்ன பேர் ராசா?” என்று கேட்டார். அவர் சொல்லையே அவருக்குத் திருப்பிச் சொன்னோம்.