முள்ளிவாய்க்கால் கஞ்சி – ஒரு சமூக வரலாற்று நோக்கு

தமிழ் இலக்கிய வரலாறுகளிற் சமையல் நூல்களுக்கு இடமில்லை. அடுப்படி எழுத்து ஆராய்ச்சிக்குரிய பொருளன்று என்ற கருத்துநிலை நம்மிடையே வேரூன்றியுள்ளமையே இதற்குக் காரணம் எனலாம். பெண்ணின் வீட்டுழைப்பை உழைப்பெனக் கொள்ளாத சமூகம் அவ்வுழைப்பின் நூலை நூலெனக் கொள்ளாமை வியப்பன்று. எனினும், ஒரு சமூகத்திற் பண்டங்கள் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதைச் சமையற் குறிப்பைப் போல வெளிப்படையாகக் காட்டும் எழுத்து வடிவம் பிறிதொன்றில்லை. என்ன பொருள், எவ்வளவு, எத்தனை பேருக்கு என்ற மூன்று வினாக்களுக்கு விடை கூறாமல் எந்தச் சமையற் குறிப்பும் அமையாது. இம்மூன்றும் அரசியற் பொருளாதாரத்தின் வினாக்களுமாகும். இந்நோக்கில் 2009ஆம் ஆண்டு வன்னியிற் காய்ச்சப்பட்ட ஒரு கஞ்சியை இக்கட்டுரை ஆராய முனைகிறது.

அச்சேறிய சமையல் நூல்களின் வர்க்கச் சார்பு தெளிவானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ‘இந்து பாக சாஸ்திரம்’, ‘சிலோன் டெயிலி நியூஸ்’ சார்பில் 1929இல் வெளிவந்த ஆங்கிலச் சமையல் நூல், 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ ஆகியவற்றைப் புரட்டுவோர் ஒன்றை உணரலாம். இவை கருதும் வாசகர், பண்டங்கள் நிறைந்த அறையினை உடையவர். எதைச் சமைப்பது என்பதே அவரது பிரச்சினை. சமைக்க ஏதேனும் உண்டா என்பதன்று. 1982இல் வெளிவந்த தமது நூலில், உயர்குடிச் சமையல் தனியொரு கலையாக வளர்வதற்கும் வர்க்கப் பிரிவினைக்கும் எழுத்துமரபுக்குமுள்ள தொடர்பினை மானிடவியலாளர் ஜாக் கூடி விளக்கியுள்ளார். ஏழையின் உணவு நூலேறுவதில்லை. ஏறினும் நெடுங்காலம் கழிந்து, ஏக்கப் பொருளாகவே ஏறுகிறது. 2003இல் ஆங்கிலத்தில் வெளிவந்த யாழ்ப்பாணத் தமிழர் சமையற் குறிப்புத் தொகுப்பொன்றின் தலைப்பிலேயே ஒடியற் கூழும் குரக்கன் புட்டும் இடம்பெற்றமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இல்லாமையின் சமையலைப் பதிவுசெய்த எழுத்து தமிழுக்குப் புதியதன்று. சிறுபாணாற்றுப்படை காட்டும் வறிய கலைஞனின் இல்லத்தில், அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தாற் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, புறங்கூறுவோர் கண்டுவிடுவர் என்று நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். உரையாசிரியர்கள் இப்பகுதியை வறுமையின் அவலம் எனக் கண்டனர். இதனை ஒரு சமையற் குறிப்பாகவும் வாசிக்கலாம்: பொருள் ஒன்று, உப்பு இல்லை, உண்போர் பலர், கதவை அடைக்க. வறுமையை நாணத்துக்குரிய தனிமனிதக் குறையாக உணரவைக்கும் சமூகத்தில் அந்தக் கதவும் செய்முறையின் ஒரு பகுதியே.

பஞ்ச காலங்களில் இக்கதவு திறந்து போய்விடுகிறது. 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலைத்தளங்களின் கூலியை நாளுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிது காசும் என ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். குடியேற்ற அரசு எழுதிய சமையற் குறிப்பு அது. 1943இன் வங்கப் பஞ்சத்திற் கல்கத்தா வீதிகளிற் கேட்ட குரல் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியைக் கேட்டது. அரிசி இல்லாமையன்று, அரிசியைப் பெறும் உரித்தினை மக்கள் இழந்தமையே அப்பஞ்சத்தின் காரணம் என அமர்த்தியா சென் 1981இல் நிறுவினார். பிஜோன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகம் (1944) அதற்கு முன்னரே அதனை மேடையிற் காட்டிவிட்டது. அறிஞர்களுக்கு முன்னே கலைஞர்கள் சென்றுவிடுவதற்கு இஃதோர் உதாரணம்.

வன்னியின் நிலை வேறுவகையில் முரண்மிக்கது. அது பசிக்குப் பேர்போன நிலமன்று, நெல்விளையும் நிலம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்பன அதன் களஞ்சியங்கள். குளத்து மீன், காட்டுத் தேன், பாலைப்பழம், வேட்டையிறைச்சி வற்றல் என்பன வன்னி அடுக்களையின் தனித்துவங்கள். 1970–77 காலப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் காரணமாக மிளகாயும் வெங்காயமும் விலையேற, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமற்ற இளைஞர் பலர் வன்னியிற் பயிர்செய்யச் சென்றனர். அதே காலத்திலேயே அரிசி மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லப்படுவது கட்டுப்படுத்தப்பட்டது. நகர்ப்புற வீடுகளில் மரவள்ளி சோற்றின் இடத்தைப் பிடித்தது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்ட மலையகத் தமிழரும் வன்னிக்கு வந்து, பெரும்பாலும் கூலி விவசாயிகளாயினர். களஞ்சியம் ஒருவருடையது, உலை இன்னொருவருடையது என்ற உறவு வன்னியிலும் நிலவியது என்பதை மறத்தலாகாது.

1990இலிருந்து நிலவிய பொருளாதாரத் தடையின்போது வன்னியினதும் யாழ்ப்பாணத்தினதும் அடுக்களைகள் பதிலீடுகளின் கலையைக் கற்றன. சீனிக்குப் பனங்கட்டி, சவர்க்காரத்துக்குப் பனம்பழம், மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்தப் போத்தல் விளக்கு. இக்குறிப்புகள் நூலாக வெளிவருவதற்குக் காத்திருக்கவில்லை. கிணற்றடியிலும் சங்கக் கடை வரிசையிலும் வாய்மொழியாகப் பரவின. வரிசை என்பது அக்காலப் பெண்களின் சமையற் சஞ்சிகை என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. பெப்ரவரி 12இல் புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையிலான, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணற்பட்டி ‘பாதுகாப்பு வலயம்’ என அறிவிக்கப்பட்டது. இவ்விடத்தில் நாம் சமையற் குறிப்பின் மூன்றாவது வினாவுக்கு வருகின்றோம்: எத்தனை பேருக்கு? அரசு அப்போது கூறிய தொகை ஏறத்தாழ 70,000. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையோ, அகப்பட்டிருந்தோர் ஏறத்தாழ 330,000 எனக் கணித்தது. அரசு தொகையை வேண்டுமென்றே குறைத்துக் கூறி, உணவும் மருந்தும் போதியளவு செல்லாமற் செய்தது எனவும் முடிவுகூறியது. போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டோர் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்பது எந்தத் தொகை உண்மைக்கு அண்மையானது என்பதைத் தெளிவாக்கும். ஒருவருக்கு எனக் கணக்கிடப்பட்ட உணவை நால்வருக்கு மேற்பட்டோர் பகிரவேண்டும் என்ற செய்முறை கொழும்பிலே எழுதப்பட்டது. மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்தனர் என்பதையும், வெளியேற முயன்றோர் மீது சுட்டனர் என்பதையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது. இரண்டையும் ஒருங்கே கூறாத வரலாறு வரலாறாகாது.

இந்நிலையிலேதான் கஞ்சிக் கொட்டில்கள் எழுந்தன. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தினரும் பிறரும் கிடாரங்களிற் கஞ்சி காய்ச்சி வரிசையில் நின்றோர்க்கு வார்த்தனர். அரிசி, நீர், உப்பு என்ற மூன்றே அதன் பொருள்கள். அரிசி சிறிது, நீர் பெரிது. வழமையான யாழ்ப்பாண, வன்னிக் கஞ்சியோடு இதனை ஒப்பிடுதல் அவசியமாகும். அவ்வழமைக் கஞ்சியில் தேங்காய்ப்பாலும் பயறும் முருங்கையிலையும் சேரும். நோயாளிக்கும் உழைப்பாளிக்கும் உரிய, சத்தும் சுவையும் மிக்க உணவு அது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலிலே கூழும் கொழுக்கட்டையும் சிறுவரின் கொண்டாட்டப் பொருள்களாகின்றன. அப்பாடலைப் பள்ளியிற் பாடிய தலைமுறையே பிள்ளைகளோடு இக்கஞ்சி வரிசையிலும் நின்றது. ஒவ்வொன்றாக நீங்கிச் சென்ற பொருள்களின் பட்டியலே முள்ளிவாய்க்கால் கஞ்சியின் உண்மையான செய்முறை: பால் நீங்கியது, பயறு நீங்கியது, இலை நீங்கியது.

வரிசையில் நிற்பதே உயிராபத்தாக இருந்தது. 2009 ஏப்பிரல் 8ஆம் நாள் அம்பலவன்பொக்கணையிற் பிராந்திய சுகாதாரப் பணிமனை ஏற்பாடுசெய்த பால்மா விநியோகத்துக்காக வரிசையில் நின்ற பெண்கள், குழந்தைகள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. இறந்த தாய்மார் சிலரின் கைகளிற் பால்மா பெறுவதற்கான அட்டைகள் பற்றியபடியே இருந்தன என நிபுணர் குழுவின் அறிக்கை கூறுகிறது. சென் கூறிய உரித்து என்பது ஒரு கோட்பாட்டுச் சொல். இங்கே அது இறந்த கையிலிருந்த அட்டை.

இனி, பலரும் பேசத் தயங்கும் ஒன்றைக் கூறுதல் வேண்டும். முள்ளிவாய்க்காலில் எல்லாரும் ஒரே கஞ்சியைக் குடித்தோம் என்ற கூற்று இன்று அடிக்கடி எழுகிறது. துயரத்தின் பொதுமையை உணர்த்த அது உதவுகிறது. வரலாற்றுண்மையை முழுமையாக உணர்த்தவில்லை. முற்றுகைக்குள்ளும் சந்தை இருந்தது. அரிசியும் தேங்காயும் சீனியும் எட்டாத விலைக்கு விற்கப்பட்டன. தாலிக்கொடியும் காப்பும் உணவாக மாறின. நகையிருந்தோர் சில வாரங்கள் தாக்குப்பிடித்தனர். நகையற்றோர் முதல் நாளிலிருந்தே கொட்டிலை நோக்கிச் சென்றனர். நாட் செல்லச் செல்ல வரிசை நீண்டதென்பது, வர்க்க வேறுபாடு மறைந்ததென்பதன்று. உடையோரும் உடைமை இழந்து அங்கு வந்துசேர்ந்தனர் என்பதே. யார் எப்போது வரிசைக்கு வந்தனர் என்ற வினாவை நீக்கிவிட்டால், கஞ்சி சமூக வரலாற்றுக்குரிய பொருளாக இருத்தல் நீங்கிப் பிரசாதம் ஆகிவிடும்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில், மே 18ஐ ஒட்டிய வாரத்தில் வடக்கிலும் கிழக்கிலும் புலம்பெயர் நாடுகளிலும் இக்கஞ்சி காய்ச்சி வழங்கப்படும் வழக்கம் உருவாகியுள்ளது. எழுதப்பட்ட நூலேதும் இன்றி, செய்கையால் மட்டும் கைமாறும் ஒரு சமையற் குறிப்பு இது. பல இடங்களில் இது சிரட்டையில் வார்க்கப்படுகிறது. இச்சிரட்டை சற்று நின்று நோக்கத்தக்கது. 1960கள் வரையும் யாழ்ப்பாணத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலும் தகரப் பேணியிலும் போத்தலிலுமே பானம் வழங்கப்பட்டது. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலத்தோடு எழுச்சியுற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டம் அக்கடைகளின் கதவுகளைத் திறக்கச் செய்தது. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதியது அவ்வுலகினைப் பற்றியே. சிரட்டையை மறுத்து மூக்குப்பேணியையும் கண்ணாடிக் குவளையையும் கேட்டுப் போராடிய மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிரட்டையை விரும்பிக் கையேந்துகின்றனர். அவமானத்தின் பாத்திரம் பொது நினைவின் பாத்திரமாகியுள்ளது. இம்மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆயின் அதன் முதல் வரலாறு அறியாமல் ஏந்தப்படும் சிரட்டை, சாதியை மறந்த சிரட்டையேயன்றிச் சாதியைக் கடந்த சிரட்டையன்று.

மற்றொன்று, சுவை பற்றியது. சில நினைவேந்தல்களிற் கஞ்சிக்குத் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் சேர்ப்பதைக் காணலாம். அவ்வாறு காய்ச்சிய கஞ்சியை ஒருமுறை அருந்திய நான், அது சுவையாக இருந்ததை உணர்ந்து சற்றுத் துணுக்குற்றேன். இதனைக் குற்றமெனக் கடிந்தோருடன் அன்று உடன்பட்டேன். இன்று முழுதும் உடன்படவில்லை. வரிசையில் வரும் குழந்தைக்கு நல்லதைக் கொடுக்கவேண்டும் என்பதே காய்ச்சும் பெண்களின் நோக்கம். 2009இற் கொடுக்க முடியாததை இப்போது கொடுக்கிறார்கள். ஆயினும் செய்முறை எழுதப்படும்போது இரண்டும் ஒன்றென எழுதப்படலாகாது.

இக்கஞ்சியின் அரசியற் கனதியை அரசே நன்கு அறியும். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில், நீதிமன்றத் தடையை மீறிக் கஞ்சி வழங்கியதாகக் கூறி மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதுசெய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பல்கலைக்கழக மாணவி. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் 2007இல் இயற்றப்பட்ட சட்டமே அவர்கள்மீது பாய்ந்தது. பின்னர் விடுவிக்கப்பட்டனர். லெனின்கிராட் முற்றுகையில் 1941 நவம்பர் 20 முதல் டிசெம்பர் 25 வரை, உழைப்பாளரல்லாதோர்க்கு நாளொன்றுக்கு வழங்கப்பட்ட பாணின் அளவு 125 கிராம். அங்கே அத்துண்டுப் பாண் அரசு போற்றும் நினைவுச் சின்னமாகியது. இங்கே கிடாரம் தடயப் பொருளாகியது. அரசு போற்றுவதிலும் ஆபத்துண்டு என்பது வேறு விடயம்.

கஞ்சியும் நீதிகேட்கும் பெண்ணும் நந்திக்கடற் கரையிற் சந்திப்பது இது முதன்முறையன்று. மதுரையை எரித்த கண்ணகி மூதாட்டியாக இக்கரைக்கு வந்தாள் என்றும், இடைச் சிறுவர் அவளுக்குக் கொட்டில் அமைத்துப் புக்கை பொங்கிப் படைத்தனர் என்றும், எண்ணெயின்றிக் கடல்நீரில் விளக்கேற்றினர் என்றும் வற்றாப்பளை ஐதிகம் கூறுகிறது. அக்கோவிலின் பொங்கலும் வைகாசியிலேயே நிகழ்கிறது. இல்லாமைக்குள் உணவும் விளக்கும் உண்டாக்கிய நாட்டார் கற்பனை அது. பேரிதிகாசங்களுக்கு அப்பால், மக்கள் தமது அனுபவத்தை எவ்வடிவிற் காத்தனர் என ஆராய்வோர் இரண்டு கொட்டில்களையும் அருகருகே வைத்து நோக்கலாம்.

டெரெசின் வதைமுகாமிற் பட்டினி கிடந்த யூதப் பெண்கள் தாம் முன்பு சமைத்த பலகாரங்களின் செய்முறைகளை நினைவிலிருந்து எழுதினர். அவர்களுள் ஒருவரான மினா பெக்டர் 1944இல் இறந்தார். அக்கையெழுத்துப்படி 1969இலேயே அவரது மகளின் கையை அடைந்து, 1996இல் நூலாயிற்று. அவர்கள் எழுதியது இழந்த நிறைவினை. நம்மவர்க்கு எழுதத் தாளும் அமைதியும் இருக்கவில்லை. பதுங்குகுழிக்குச் சேலைகளே மண்மூடைகளாகத் தைக்கப்பட்ட காலம் அது. எனவே இச்செய்முறையை எழுதும் பணி நம் பல்கலைக்கழகங்களுக்குரியது. அன்று அகப்பை பிடித்தோரை மாணவர்கள் சந்தித்துக் கேட்கவேண்டியவை பல: அரிசி எங்கிருந்து வந்தது, கிடாரம் யாருடையது, நன்னீர் எந்தக் குழியில் ஊறியது, விறகுக்கு யார் சென்றார், வரிசையில் முதலில் யார் நின்றார், எறிகணை வீழ்ந்தபின் மிஞ்சிய கஞ்சியை யார் யாருக்கு வார்த்தார். உப்பின் அளவை இறுதியிற் கேட்டுக்கொள்ளலாம். எத்தனை பேருக்கு என்பதை முதலிற் கேட்கவேண்டும்.