காலியாகக் கிடந்த பெட்டி

போன கிழமை எங்கட வாய்மொழி வரலாற்றுச் சேகரிப்பின் தரவுத்தளத்தைப் பிரதி எடுக்கவென்று கறுப்புத் திரையில் கட்டளையை அடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தோம். காலையில் பார்த்தால் கோப்பின் அளவு 0. சேவையகத்தின் பதிப்பு புதுசு, பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பு பழசு. கலைப்பீடக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். பேட்டி தந்த ஆச்சிமாரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.

அன்றிரவு நாங்கள் தேடி வாசித்தது கிட்லாப் கதையை. நிரலாளர்கள் தங்கட நிரல்களைச் சேர்த்து வைக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31 மாலை அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சுமை ஏறியது. ஒரு காரணம் ஸ்பாம். மற்றது பகிடி: யாரோ விஷமத்துக்குச் செய்த முறைப்பாட்டால், கிட்லாப் ஊழியர் ஒருவரின் கணக்கையே அழிக்கும் வேலை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

துணைச் சேவையகம் முதன்மையோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியது. அதை வெறுமையாக்கி, பிஜி_பேஸ்பேக்கப் கட்டளையால் மறுபடி நிரப்ப வேண்டும். இணைப்பு போதாது என்றது கட்டளை. பிரதிக்கான இணைப்புகளை 3இலிருந்து 32 ஆக்கினார்கள். இப்போது போஸ்ட்கிரெஸ் எழும்ப மறுத்தது. மொத்த இணைப்புகளின் உச்சவரம்பு 8000 என்று கிடந்தது. 2000க்கு இறக்கியதும் எழும்பியது. ஆனால் பிரதிக் கட்டளை ஒரு சொல்லும் பேசாமல் அப்படியே நின்றது.

அந்த மௌனம் பழுதே இல்லை. முதன்மை தரவு அனுப்பத் தொடங்கும்வரை அது சத்தமில்லாமல் காத்திருக்கும். கையேட்டில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கவில்லை. நேரமாகிவிட்டது, போகிறேன் என்று முன்னமே சொல்லியிருந்த பொறியியலாளர் ஒருவர், மிச்சக் கோப்புகள்தான் தடையாக்கும் என்று எண்ணி அடைவை அழித்தார். அழித்தது துணையில் அல்ல, முதன்மையில். ஒன்றிரண்டு செக்கனில் விளங்கி நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. கொழும்பில் அப்போது விடியப்புறம் ஐந்து மணியளவு.

பிரதிகளைத் தேடினால், சேமிப்புப் பெட்டி காலி. நாளாந்தப் பிரதி 9.2 பதிப்புக் கருவியால் ஓடியிருக்கிறது, தரவுத்தளமோ 9.6. எங்கட அதே வியாதி! தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் கையொப்பமில்லை என்று திருப்பப்பட்டு யாரையும் சேரவில்லை. காப்பாற்றியது, ஒரு பரிசோதனைக்காக ஆறு மணித்தியாலம் முன்பு கையால் எடுத்திருந்த பிரதி. அதை எடுத்தவரும் அழித்தவரும் ஒரே ஆள். அதை மெதுவான வட்டுகளிலிருந்து திரும்பக் கொண்டுவரக் கிட்டத்தட்ட ஒரு நாள் போனது. சுமார் 5000 திட்டங்களின் தரவு, 5000 கருத்துகள், 700 புதுக் கணக்குகள் திரும்பவில்லை. நிரல் களஞ்சியங்கள் தப்பின.

எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. அன்றிரவே தங்கட குறிப்பேட்டைப் பகிரங்கமாக்கி, மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். இப்படியொரு மூல ஆவணம் கிடைக்க எந்த வரலாற்று மாணவருக்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சரியான பதிப்பைப் போட்டு நாங்களும் மறுபடி பிரதி எடுத்தோம். இந்தமுறை அளவு 0 இல்லை. வேறொரு கணினியில் அதைத் திறந்து பார்க்கும் வேலை நாளைக்கு.