சனைச்சரன்: மெல்ல நடப்பவன்

'சனீஸ்வரன்' என்ற பெயரைச் சனி, ஈஸ்வரன் என்று பிரித்து, ஈஸ்வரப் பட்டம் பெற்ற கிரகம் என்று பொருள் சொல்வது நம்மிடையே பெருவழக்கு. சொல்லின் வேர் வேறு. வடமொழியில் 'சனைஸ்' என்றால் மெல்ல. 'சர' என்றால் செல்பவன். இரண்டும் புணர்ந்தால் சனைச்சரன், மெல்ல நடப்பவன். வானமே இதற்குச் சாட்சி. வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியும் ஐந்து கோள்களில் மிக மெதுவாக நகர்வது சனிதான். பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. ஒரு ராசிக்குச் சுமார் 2½ ஆண்டு. மூன்று ராசிகளைக் கடக்கும் காலமே ஏழரைச் சனி. 'மந்தன்' என்ற மறுபெயரும் அந்த மெதுநடையையே குறிக்கிறது.

சனி கால் ஊனமுற்றவர் என்ற புராணக் கதையிலிருந்து பெயர் பிறந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் பெயரில் ஊனத்தின் குறிப்பே இல்லை. நடையின் வேகம் மட்டுமே இருக்கிறது. கதையோ அந்த வேகத்துக்குக் காரணம் சொல்கிறது. காரணம் தேடுவதற்கு முன்னால் காட்சி இருந்தாக வேண்டும். அப்படியானால் ஈஸ்வரன் என்று வணங்குவது பிழையா? இல்லை. அது பக்தி தந்த மதிப்பு. வேர்ப்பொருள் அல்ல என்பதே வாதம். முத்துசுவாமி தீட்சிதரின் நவக்கிரகக் கீர்த்தனையும் 'சனைச்சரன்' என்ற வடிவத்தையே ஆள்கிறது. அச்சத்தோடு நாம் உச்சரிக்கும் இந்தப் பெயர், ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வானம் பார்த்தவர்களின் அறிவுச் செல்வம். அந்த உழைப்பை எண்ணிப் பெருமையோடு சொல்லத் தக்கது.