எண்ணெயோடு வரும் தண்ணீர்



எண்ணெய்க் கிணறு என்றதும் கறுப்பு எண்ணெய் பீறிட்டு எழும் காட்சியே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. ஆனால் எண்ணெய் தனித்து வருவதில்லை. பாறைக்குள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த உப்புநீரும் உடன் வருகிறது. கிணறு பழையதாக ஆகத் தண்ணீரின் பங்கே மிகும்; ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பல பீப்பாய் தண்ணீர் ஏறி வருவதும் உண்டு.

இந்தத் தண்ணீரை எங்கே விடுவது? அமெரிக்காவில் தொடக்கக் காலத்தில் குழிகளிலும் ஓடைகளிலும் திறந்து விட்டார்கள். பயிர் கருகியது, குடிநீர் கரித்தது.

குழம்பு ஆறினால் எண்ணெய் மேலே மிதக்கும் அல்லவா? அதேபோல் தண்ணீரை நீண்ட தொட்டியில் மெல்ல ஓடவிட்டு, மேலே திரளும் எண்ணெயை வழித்தெடுத்தார்கள். 1933இல் பிலடெல்பியாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் அமைந்த தொட்டி பிறகு பல இடங்களுக்கு முன்மாதிரியாயிற்று. ஆனால் ஒரு தொல்லை. எண்ணெய்த்துளியின் குறுக்களவு பாதியானால் அது மேலே ஏறும் வேகம் கால்பங்காகக் குறைந்துவிடும். ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851இல் கண்ட விதியிலிருந்து கிடைக்கும் கணக்கு இது. துளி நுண்ணியதாக ஆகத் தொட்டி பெரிதாக வேண்டும்.

1975இல் பிரிட்டன் வடகடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. நடுக்கடல் மேடையில் அவ்வளவு பெரிய தொட்டிக்கு இடமேது?

சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் கோல்மன், தியூ என்னும் இருவர் வேறு வழி கண்டார்கள். ரப்பர்ப் பாலைச் சுழற்றிக் கெட்டிப்பால் எடுக்கும் முறையை நம்மில் பலர் அறிவோம். இதுவும் அவ்வகையே, ஆனால் இதில் சுழலும் உறுப்பு ஒன்றுமில்லை. குறுகிச் செல்லும் குழாய்க்குள் தண்ணீரைப் பக்கவாட்டில் அழுத்தத்தோடு செலுத்தினால் அது தானே சுழலும். கனமான நீர் ஓரத்துக்கு ஒதுங்கும். எண்ணெய் நடுவே இழைபோலத் திரண்டு சிறு துளை வழியே வெளியேறும். எல்லாம் சில நொடிகளில்! முன்னதாகப் பம்பு வைத்து இறைத்தால் துளிகள் மேலும் நொறுங்கிவிடும் என்பதால், கிணற்றின் சொந்த அழுத்தத்தையே இயன்றவரை பயன்படுத்தினார்கள். 1980களில் இக்கருவி கடல் மேடைகளில் ஏறியது.

சட்டமும் இறுகியது. ஒரு லிட்டர் நீரில் 40 மில்லிகிராம் எண்ணெய் வரை இருக்கலாம் என்றிருந்த எல்லையை, 2006க்குள் 30 ஆக்க வேண்டும் என வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் 2001இல் முடிவு செய்தன.

ஆனால் சுழற்சியால் பிரிவது துளியாக மிதக்கும் எண்ணெய் மட்டுமே. நீரில் கரைந்த பொருள்கள் அப்படியே கடலுக்குப் போகின்றன. ஆகவே 2012இல் அந்நாடுகள், எண்ணெயின் அளவை மட்டும் பாராமல், அந்த நீரால் கடலுயிர்களுக்கு நேரக்கூடிய கேட்டையும் மதிப்பிட வேண்டும் எனத் தீர்மானித்தன.