அவிலாலா ஏரியும் ஊர்ச்சபையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து ஒரு படம் வந்து விழுந்தது. கலர் கலராக லேஅவுட். 'ஏழுமலையைப் பார்த்தபடி உங்கள் வீடு, விமான நிலையம் மிக அருகில், வெளிநாடு வாழ் இந்தியர்களுக்குச் சலுகை' என்று என்னென்னவோ எழுதியிருந்தது. தங்கமணிக்கு உடனே பிடித்துப்போயிற்று. ரிட்டயர் ஆனபிறகு மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீடு, சனிக்கிழமை சனிக்கிழமை தரிசனம்... கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று சித்தூரில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். விலை, பாங்க் லோன் பற்றியெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"சர்வே நம்பர் கெடக்கட்டும்ப்பா. அந்த எடத்துக்கு ஊர்ல இன்னா பேரு?"

விசாரித்துச் சொன்னேன். பெயர் 'குண்ட்ட' என்று முடிந்தது. நாம் குட்டை என்கிறோமே, அதற்குத் தெலுங்கு. மாமா சிரித்துவிட்டார். "குட்டையில போயா வூடு கட்டப்போற? வேணாம்பா, வுட்டுடு."

விட்டுவிட்டோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அங்கே இங்கே படித்ததையெல்லாம் கோர்த்து எழுதியதுதான் கீழே இருப்பது. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

திருப்பதி என்றால் நமக்கு மலையும் லட்டும்தான் ஞாபகம் வரும். மலையடிவாரத்திலிருந்து சுவர்ணமுகி ஆறு வரை சரிந்து இறங்கும் நிலத்தில் ஒரு காலத்தில் ஏரிகள் வரிசையாக இருந்தன. மலையில் பெய்த மழை ஓடை வழியாக ஒரு ஏரியில் விழும், அது நிரம்பினால் அடுத்ததற்குப் போகும், மிச்சம் ஆற்றுக்கு. நிர்வாகப்படி இந்தப் பகுதி பழைய வட ஆர்க்காடு மாவட்டம். சித்தூர் தனி மாவட்டமானது 1911-ல். ஆந்திர மாநிலம் பிறந்தது 1953-ல். திருத்தணி நம் பக்கம் வந்தது 1960-ல். சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தது 2022 ஏப்ரலில். கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் கோயில் சுவர்களில் உள்ள பழைய கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ்தான்.

அந்தக் கல்வெட்டுகளில் திருச்சானூர் சபையார் அடிக்கடி வருகிறார்கள். பத்மாவதித் தாயார் கோயிலுக்குப் போவோமே, அதே திருச்சானூர். கீழே திருப்பதி என்ற நகரம் உருவாகும் முன்பு இந்த வட்டாரத்தின் பெரிய ஊர் அதுதான். மலைக்கோயிலுக்கு நிலமோ பொன்னோ எழுதிவைத்தவர்கள் பலர் அதை ஊர்ச்சபைகளின் பொறுப்பில்தான் விட்டார்கள். சபை அந்த முதலைக் காத்து, அதன் வருமானத்தில் விளக்கெரிக்க வேண்டும்.

எல்லாச் சபையும் ஒழுங்காக நடந்ததா என்றால், இல்லை :-). முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று திருமுண்டியம் என்ற ஊரின் சபையைப் பற்றியது. திருவேங்கடம் கோயிலில் ஒரு கற்பூர விளக்கோடு சேர்த்து 24 விளக்குகள் எரிக்க 23 பொன் வாங்கிக்கொண்டு, எரித்ததோ இரண்டே இரண்டு! சோழ அதிகாரி வந்து விசாரித்து, இனி அந்தப் பொறுப்பு சபைக்கு வேண்டாம் என்று ஏற்பாட்டையே மாற்றிவிட்டார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆடிட்.

இதே தொண்டை மண்டலத்தில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 30 குடும்புகள், பானையில் ஓலை, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். ஏரிக்கென்று தனிக் குழு! அங்கே வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியைத் தூர் வாருவதற்காகவே வைப்பு நிதி வைத்த கல்வெட்டுகளும் உண்டு. கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது.

நிற்க. இதையெல்லாம் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு ஆசையில்லை. உத்திரமேரூர்ச் சபை பிராமணர் சபை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் இருந்தால்தான் பானையில் ஓலை விழும். ஏரியில் மண் சுமந்தவருக்கு அங்கே இடமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஏரியை யார் கேட்பது என்ற கேள்விக்கு அன்றைக்கு ஊருக்குள்ளேயே ஒரு பதில் இருந்தது.

12-ஆம் நூற்றாண்டில் ராமானுஜர் கோவிந்தராஜப் பெருமாளைப் பிரதிஷ்டை செய்தார் என்பது மரபு. அந்தக் கோயிலைச் சுற்றி வீதிகள் வந்தன, வீடுகள் வந்தன, இன்றைய திருப்பதி பிறந்தது. ஒரு விதத்தில் அந்தக் காலத்து டவுன்ஷிப்! நிர்வாகம் மெல்ல 'ஸ்தானத்தார்' கைக்குப் போனது. திருச்சானூர் சபையார் அதில் ஒரு பங்காகத் தொடர்ந்தார்கள்.

விஜயநகர காலத்தில் இன்னொன்று நடந்தது. பக்தர்கள் கொடுத்த பணத்தைக் கோயில் பூட்டி வைக்கவில்லை. தன் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் வெட்டவும் போட்டது. கூடுதலாக விளைந்த நெல்லில் நைவேத்தியம் நடந்தது. 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. பர்ட்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். சாமிக்குப் போட்ட காசு ஏரித் தண்ணீராக உழவனிடம் திரும்பி வந்தது.

பிறகு ஆங்கிலேயர் ஆட்சி. ஏரி அரசாங்கச் சொத்தாயிற்று. ஊர்க்காரர்கள் சேர்ந்து கரையைச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் தேய்ந்துபோய், அதைக் கட்டாயமாக்க 1858-ல் சட்டமே போட வேண்டிவந்தது. உரிமை கைவிட்டுப் போனபின் கடமையை மட்டும் யார் செய்வார்கள்? சுதந்திரத்துக்குப் பிறகு கரண்ட் மோட்டார் வந்தது, போர்வெல் வந்தது. ஏரியை நம்பாமலே பயிர் செய்யலாம் என்றானது. தூர் வாராத ஏரி மேடானது, ரெவின்யூ ரெக்கார்டில் அது வெறும் புறம்போக்கு.

திருப்பதியோ வளர்ந்துகொண்டே போனது. 1886-ல் முனிசிபாலிட்டி, 1954-ல் பல்கலைக்கழகம், 1980-களில் நகர வளர்ச்சிக் குழுமம், 2007-ல் மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் சுமார் 2.87 லட்சம் பேர். இவர்களுக்கு வீடு வேண்டாமா? வேண்டும்தான். அதில் யாருக்கும் சண்டையில்லை. எங்கே கட்டுவது என்பதில்தான் சண்டை.

நகரத்தை ஒட்டிய இரண்டு ஏரிகள், பேரூரும் அவிலாலாவும். கிருஷ்ணதேவராயர் காலத்திலிருந்தே இருப்பவை என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 1990-களின் முதல் பாதியில் வந்த இரண்டு அரசாணைகள் வழியாக, பேரூர் ஏரிப் படுகையில் 150 ஏக்கர் திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்குப் போனது. அவிலாலா ஏரிப் படுகையில் 90 ஏக்கர் வீட்டுவசதி வாரியத்துக்குப் போனது. இரண்டுமே குடியிருப்பு கட்டத்தான். பழுதான ஏரிதானே, தண்ணீரே நிற்பதில்லையே என்பது அரசுத் தரப்பு வாதம். காணிக்கையில் ஏரி வெட்டிய அதே ஊரில் ஐந்நூறு வருடம் கழித்து ஏரிப் படுகையில் கோயில் நிர்வாகத்துக்குக் குடியிருப்பு மனை!

எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது 'இன்டலெக்சுவல்ஸ் ஃபோரம்' என்ற திருப்பதி அமைப்பு. உயர் நீதிமன்றம் 2000-ல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் ரூமா பாலும் நம்ம செட்டிநாட்டுக்காரரான ஏ.ஆர். லட்சுமணனும் அடங்கிய அமர்வு 2006 பிப்ரவரி 23 அன்று தீர்ப்புச் சொன்னது. நீர்நிலைகளுக்கு அரசு உரிமையாளர் இல்லை, மக்களுக்காகக் காக்கும் அறங்காவலர்தான். அடுத்த தலைமுறைக்கும் அதில் பங்குண்டு. இன்றைக்கும் ஏரி வழக்குகளில் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது.

ஆனால் அதற்குள் வீடுகள் எழும்பிவிட்டன. இடிக்கச் சொல்ல நீதிபதிகளுக்கு மனம் வரவில்லை, நியாயம்தான். மேற்கொண்டு கட்டாதே, கட்டிய வீட்டிலெல்லாம் மழைநீர் சேகரிப்பு வை, போர்வெல் போடாதே, பேரூரில் வரத்து ஓடையைச் சுத்தம் செய்து குறைந்தது 50 ஏக்கரில் நீர் ஊறும் குளம் அமை என்று கட்டளையிட்டார்கள். வழக்கில் ஜெயித்தும் ஏரி முழுசாகத் திரும்பவில்லை.

சரி, இந்தக் கதையில் ஊர்ச்சபை எங்கே? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் ஊராட்சிக்குத் தரத்தக்க பொறுப்புகளின் பட்டியலில் இடம்பெற்றன. காகிதத்தில் ஏரி வாரியம் திரும்பி வந்துவிட்டது! ஆனால் ஏரிப் படுகை நிலம் ரெவின்யூ துறையிடம். லேஅவுட் அனுமதியில் நகர வளர்ச்சிக் குழுமத்தின் கை. ஊராட்சிக்கு மிஞ்சியது தீர்மானம் போடும் உரிமை. 2013 நிலம் எடுப்புச் சட்டம் ஊராட்சியைக் கலந்துகொள்ளச் சொல்கிறது, ஆனால் அது தனியார் நிலத்தை எடுக்கும்போது. புறம்போக்கு ஏற்கெனவே அரசுடையது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போக அந்தச் சட்டம் குறுக்கே வராது. இன்னொரு வேடிக்கை, அவிலாலா தீர்ப்பு வந்த அதே 2006-ல், செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு கொடுத்தது.

நான் இருக்கும் கலிபோர்னியாவிலும் நிலைமை ரொம்ப உசத்தி இல்லை. நகராட்சி எல்லைக்குள் வராத கிராமப்புறங்களுக்குக் கவுன்ட்டி நிர்வாகம் 'முனிசிபல் அட்வைசரி கவுன்சில்' அமைக்கலாம் என்று 1970-களிலிருந்தே சட்டம் உண்டு. எங்கள் பக்கத்துக் கிராமத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் வரப்போவதாகக் கூட்டம் போட்டபோது நானும் போயிருந்தேன். பழத்தோட்டக்காரர் ஒருவர் கிணறு வற்றுவதைப் பற்றிப் பேசினார். ஒரு டீச்சர் பள்ளியில் இடமில்லை என்றார். தலைவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "எங்களால் ஆலோசனைதான் சொல்ல முடியும்" என்றார். முடிவு கவுன்ட்டியுடையது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் செங்கல் வைக்கும் முன்பே கேட்டார்கள், சொன்னதெல்லாம் ரெக்கார்டில் ஏறியது. நாளைக்குக் கோர்ட்டில் அது நிற்கும்.

2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். சுவர்ணமுகி கரைபுரண்டது. ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு சுற்றியுள்ள கிராமங்களைக் காலி செய்தார்கள். தண்ணீருக்கு ரெவின்யூ ரெக்கார்டு படிக்கத் தெரியாதில்லையா? பழைய வழியே வந்தது.

ஊரில் மனை வாங்கும் பணத்தில் கணிசமான பங்கு நம்மைப் போன்றவர்களுடையது. டாலரும் திர்ஹமும் போய்த்தான் பல லேஅவுட்டுகளில் கொடி பறக்கிறது. கிராமசபையில் நமக்கு ஓட்டில்லை, ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்கலாம். அந்த இடத்துக்கு ஊரில் என்ன பெயர்? செருவா, குண்ட்டவா, வங்காவா (ஓடை)? பழைய அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது? கிராமசபையில் இதைப் பற்றிப் பேசினார்களா, என்ன தீர்மானம்? ஆளை அனுப்பி டீக்கடையில் இரண்டு பெரியவர்களிடம் விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும்.

தங்கமணி இன்னும் மலையடிவார வீட்டை விடவில்லை. மாமாவிடம் மேடான இடமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். "பாக்கறேன். ஆனா ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரு சரின்னு சொன்னாதான் உனுக்குப் போன் பண்ணுவேன்" என்றிருக்கிறார்.

உங்கள் ஊரிலும் இப்படிப் பெயரில் மட்டும் ஏரி மிச்சமிருக்கும் இடம் இருந்தால் எழுதுங்களேன்.