வெளியூர்ச் சுயதொழிலாளர் வரிக்கழிவு (இலங்கை)

சுயதொழில் வருமானத்தை ஈட்டச் செய்யும் செலவுகளைக் கழித்து வரி கணிக்கும் ஏற்பாடு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதற்கு அடிப்படை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து பலர் கொழும்புக்கு வேலை தேடிச் செல்கின்றனர். அங்கு சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் மேசன் ஒருவர், வேலைத்தளங்களுக்கிடையே செல்லும் வாகன வாடகை, உதவியாளர் கூலி ஆகியவற்றைக் கழிக்கலாம். அவருடைய சாப்பாடு, தங்குமிடம், தோட்டத்து லயன் வீட்டுக்குப் போய்வரும் பஸ் கட்டணம் ஆகியவை பொதுவாக வீட்டுச் செலவாகவே கொள்ளப்படும், கழிக்க இயலாது. 2025 ஏப்ரல் முதல் தனியாள் நிவாரணம், அதாவது வரி விதிக்கப்படாத வருமான அளவு, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். வருமானம் அதைத் தாண்டக்கூடியவர்கள் பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாகப் பத்திரப்படுத்த வேண்டும்.